பல்லாரிக் கணவாய்

என் மாமாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்த ஓர் ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய குறையை ஆண்டவர் யோசித்துக்கூடக் கொடுத்திருக்க முடியாது. கட்டுமரத்தில் காலை வைத்ததுமே அவருக்கு வயிற்றைப் புரட்டும். அலை தாண்டுவதற்குள் முந்தின நாள் தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். ஊரார் சிரித்துச் சிரித்தே அவரைக் கொழும்புக்கு விரட்டினார்கள். அதற்கும் கப்பலேறித்தான் போக வேண்டும் என்பது அவர் தலையெழுத்து. தூத்துக்குடியில் ஏறியவர் கொழும்பில் இறங்கும்வரை தலையைத் தூக்கவில்லையாம். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் தங்கும் ஓர் ஓட்டலில் சமைக்கிற குசினிக்காரராகச் சேர்ந்து, கரையில் நின்றே பிழைக்கக் கற்றுக்கொண்டார்.

அம்மாவுக்கு இளையவர் அவர். எனக்குத் தாய்மாமன். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அவர் எங்கள் வீட்டுக்குச் செய்த நன்மைகளிலேயே பெரிய நன்மைக்காக நான் வெகுகாலம் அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை. திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிகளாக நாங்கள் இருந்த காலம். அப்பாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. உள்ளூர் வைத்தியர் கொடுத்த கஷாயத்துக்கு அது அடங்கவில்லை. நாகர்கோவிலுக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் அப்பாவைக் கிடத்தினார்கள். அலையைத் தாண்டிப் போய் மீனோடு திரும்பி வருகிற மனுஷன், வண்டிக்குள் ஒரு பழைய துணியைப்போலக் கிடந்தார்.

வண்டி நகர்வதற்கு முன்னால் அம்மா மாதா சுரூபத்தின் முன்பு முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள். அவர் தன் காலால் நடந்து வந்து வீட்டுப்படி ஏறும்வரை இந்த வீட்டில் மீன் கிடையாது. அப்பாவின் அக்காளும், அதாவது என் அத்தையும், அதே நேர்ச்சையைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். அத்தை வீட்டு ஆண்கள் தினமும் கடலுக்குப் போனார்கள், மீனைக் கொண்டுவந்தார்கள், கரையிலேயே ஒன்று பாக்கியில்லாமல் விற்றார்கள், வீட்டுக்கு வந்து துவையலைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தார்கள். அத்தையின் சொல்லுக்கு அத்தனை பயம்.

இன்னொரு கட்டளையும் அத்தை போட்டாள். அது நேர்ச்சை இல்லை, எங்கள் பக்கத்து வழக்கம். உயிரோடு கிடக்கிற ஆளுக்காக வீட்டில் யாரும் கண்ணீர் விடக் கூடாது. விட்டால் சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாகிவிடும். வண்டி தெருமுனை திரும்பியபோது அம்மாவின் உதடு நடுங்கியது.

"ஏட்டி, கண்ணு நனையப்பிடாது, சொல்லிப்போட்டேன்" என்றாள் அத்தை.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பையே போட்டு ஊதினாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் அழுது நான் பார்க்கவில்லை. அத்தையோ முதலிலிருந்தே கல்லாகத்தான் இருந்தாள். அவளுக்குக் கண்ணீரே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொழும்புக்குச் செய்தி போய், மாமா விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார், கடல் புரட்டிப்போட்ட முகத்தோடு. நாகர்கோவிலுக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் அத்தையின் மகன் துணைக்கு இருந்தான். வீட்டில் ஓர் ஆண் துணை வேண்டுமே என்று மாமா எங்களோடு தங்கினார். வந்தவருக்கு அப்பாவின் காய்ச்சலைவிட உடனடித் தொந்தரவாக நான் இருந்தேன். மீன் இல்லாமல் சோறு தின்ன மாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடங்காப்பிடாரி என்று எனக்கு ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு. ஆனால் இது வெறும் பிடிவாதமில்லை. கணவாய் மீன் கிடைக்கிற நாட்களில் அம்மா அதை வட்டம் வட்டமாக அறுத்துப் பொரிப்பாள். அப்பா தன் பங்கிலிருந்து ஐந்து வளையங்களைப் பொறுக்கி என் ஐந்து விரல்களிலும் மாட்டிவிடுவார். நான் ஒவ்வொரு விரலாகக் கடித்துத் தின்று முடிக்கும்வரை கையைக் கழுவாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மீன் வேண்டும் என்று நான் அழுததெல்லாம் அப்பா வேண்டும் என்பதற்காகத்தான். அதை அப்படிச் சொல்ல அந்த வயதில் தெரியவில்லை. கணவாய் வேண்டும் என்றுதான் சொல்லத் தெரிந்தது.

"மீனு இல்லாட்டி தொண்டையில சோறு எறங்காதாமே மகாராணிக்கு! நான் எங்க போய் முட்ட?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று அவள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மக்கா, கணவாய் வட்டமா இருக்கும், மொறுமொறுன்னு இருக்கும். வேற என்ன?"

"வெரல்ல போடலாம்" என்றேன்.

"அம்புட்டுத்தானா?" என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏலே, நேர்ச்ச இருக்குடே" என்று அம்மா பதறினாள்.

"நேர்ச்சைக்கு ஒரு கொறவும் வராது அக்கா. நீ சும்ம இரு."

கொட்டாரம் சந்தைவரை நடந்துபோய் ஒரு பை நிறையப் பல்லாரி வாங்கி வந்தார். பெரிய வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் பல்லாரி என்றுதான் பெயர். அப்போதெல்லாம் வீட்டில் புழங்குவது சின்ன உள்ளிதான். பல்லாரி கல்யாண வீட்டுக்கு வருகிற சாமான். பையைப் பார்த்ததும் அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. மாமா அவளை அடுப்படியிலிருந்து கிளப்பிவிட்டு, கொழும்பிலிருந்து கொண்டுவந்த தன் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். துரைமாருக்கு இறைச்சியோடு இப்படித்தான் வைப்போம் என்று சொல்லிக்கொண்டே பல்லாரியைக் கனமான வட்டங்களாக வெட்டினார். வட்டத்தை விரலால் அமுக்கினால் உள்ளே இருந்து சின்னதும் பெரியதுமாக வளையங்கள் கழன்று வந்தன. அரிசிமாவில் உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுக் கரைத்து, முக்கி, தேங்காயெண்ணெயில் விட்டார்.

முதல் ஈடு மானத்தை வாங்கிவிட்டது. மாவு தனியாகக் கழன்று எண்ணெயில் மிதந்தது. பல்லாரி அம்மணமாக வெந்து கிடந்தது.

"தொரைமாரு இதையா தின்னாவ?" என்று அம்மா கேட்டாள். அப்பாவைக் கொண்டுபோனதிலிருந்து அவள் செய்த முதல் கேலி அது. மாமாவுக்கு அதிலேயே பாதிக் கூலி கிடைத்திருக்கும்.

அவர் விடவில்லை. வளையத்தின் உள்பக்கம் ஒட்டியிருந்த கண்ணாடிபோன்ற மெல்லிய தோலை நகத்தால் உரித்தெடுத்தார். அது இருந்தால் மாவு வழுக்குமாம். வளையங்களை மோரில் ஊறப்போட்டு, வடித்து, முதலில் காய்ந்த மாவில் புரட்டினார். பிறகுதான் கரைத்த மாவு. அது கெட்டியாக ஒட்டியது, ஆனால் கடித்தால் பல்லுக்கு வேலை வைத்தது. "அங்க மாவுல பீரு ஊத்துவோம். நொர வந்து பொங்கும்" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ஆப்பத்துக்கு வாங்கி வைத்திருந்த கள்ளுக் கலயம் அவர் கண்ணில் பட்டது. அம்மா ஓடிவருவதற்குள் ஊற்றிவிட்டார்.

மூன்றாம் ஈடு எண்ணெயில் விழுந்ததும் சலசலவென்று பொங்கி, பொன்னிறமாகத் திரும்பிப் படுத்தது. அரித்தெடுத்து ஓலைத்தட்டில் போட்டபோது கலகலவென்று சத்தம் கேட்டது. மாமா ஐந்து வளையங்களைப் பொறுக்கி, ஊதி ஊதி ஆற்றி, என் ஐந்து விரல்களிலும் மாட்டினார். நான் யாரும் சொல்லாமலே தட்டை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தட்டுச் சோறு போய், இரண்டாம் தட்டும் போயிற்று. அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பின் அடிக்கடி அது நடந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் கணவாய் என்றே பெயர் விழுந்துவிட்டது. "பிள்ளைக்குக் கணவாய் போடட்டா?" என்று மாமா கேட்பார். அம்மாவும் "போடு" என்பாள். வீட்டுக்குள் இருக்கிறவரை அந்தப் பெயரால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் விரல்களில் வளையங்களோடு தெருவுக்கு வந்து, யாராவது பார்க்கட்டும் என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன். பார்த்தது அத்தை. மூச்சு வாங்க எங்கள் வீட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். என் கையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாதாவே! என்னதுட்டி இது கையில?"

"கணவாய். மாமா பொரிச்சது" என்றேன், பெருமையாக.

என் மணிக்கட்டைப் பிடித்துக் கையை உயரத் தூக்கியபடியே அத்தை என்னை வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். திருட்டுச் சாமானோடு பிடிபட்டவளைப்போல நான் பின்னால் ஓடினேன்.

"ஏட்டி, வெளிய வாட்டி! அங்க எந்தம்பி காச்சலு ஏறி, கண்ணு தொறக்காமக் கெடக்கான். எம்பய விடியக்காலமே நடந்து வந்து சொல்லிட்டுப் போறான். ரெண்டு நாளு தாண்டணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். இங்க நீ கணவாய் பொரிச்சுப் பிள்ளைக்கு ஊட்டுதியோ? மாதாவையே ஏய்க்கியோ?"

தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். அம்மா வெளியே வந்தாள். கணவாயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "காச்சலு ஏறிட்டா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் கோணியது. அத்தை உடனே "கண்ணு நனையப்பிடாது!" என்று இன்னொரு அதட்டல் போட்டாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது என் விரல்களால்தான் என்று அந்த நிமிஷம் நிச்சயமாக நம்பினேன். கையிலிருப்பது பல்லாரி என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அத்தை போட்ட சத்தத்தில் அது கணவாயாகவே மாறிவிட்டதோ என்று தோன்றிவிட்டது.

மாமா கத்தியும் கையுமாக அடுக்களையிலிருந்து வந்தார். "மைனி, அது கணவாய் இல்ல. பல்லாரி."

"யாருகிட்ட கத விடுத?"

"தின்னு பாருங்க."

"தின்னு பாக்கவா? கணவாயா இருந்து என் நேர்ச்சையும் போவட்டும்னா சொல்லுத?"

மாமா ஒரு வளையத்தைப் பிட்டுக் காட்டினார். "எண்ணெயில போட்டா எல்லாம் ஒரே வெள்ளதான்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகர்ந்து பார்க்கச் சொன்னார். மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூடியிருந்த பெண்களில் யாராவது ஒருத்தி வாயில் போட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தைக்கு எதிராக வாயைத் திறக்கும் தைரியம், தின்பதற்காகக்கூட, எங்கள் தெருவில் ஒருத்திக்கும் கிடையாது.

மாமா கொஞ்ச நேரம் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி மைனி. உங்க கண்ணு முன்னால செய்யுதேன். உள்ள வாங்க. அக்கா, நீயும் வா" என்றார்.

அடுக்களையில் அத்தையை ஒரு பக்கமும் அம்மாவை ஒரு பக்கமுமாக, தன் முட்டி இடிக்கும்படி அவ்வளவு நெருக்கத்தில் உட்காரவைத்தார். மிச்சமிருந்த பல்லாரிகளை நடுவில் கொட்டினார். நான் அடுக்களை வாசலில் கூட்டத்துக்கு முன்னால் நின்றேன். முதல் பல்லாரியை எப்போதும்போலக் கனமாக வெட்டி, வளையத்தைக் கழற்றி அத்தை கண்ணுக்கு நேரே பிடித்தார். அத்தை உற்றுப் பார்த்தாள். பார்த்தவளுக்குக் கண் எரிந்து நீர் முட்டியது. அவள் திடுக்கிட்டுப்போய்ச் சேலைத்தலைப்பை எடுத்து அவசரமாகத் துடைக்கப்போனாள்.

"தொடைக்காதீங்க மைனி. பல்லாரிக் காரம். தொடச்சா இன்னும் எரியும். வடிஞ்சு போவட்டும்" என்றார் மாமா.

தலைப்பு பாதியில் நின்றது. ஒரு சொட்டு அத்தையின் கன்னத்தில் இறங்கியது. அடுத்தது இறங்கியது. மாமா நிமிரவில்லை. அடுத்த பல்லாரியை எடுத்தார். இந்தத் தடவை கத்தி வட்டம் வெட்டவில்லை. நெடுக்காக, குறுக்காக, மறுபடி நெடுக்காக என்று அதைப் பொடிப்பொடியாகக் கொத்தியது. காரம் வாசலில் நின்ற என் கண்ணையே கரித்தது. அம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் சத்தமில்லை. பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தை அவளை அதட்டுவாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மாமாவின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அம்மாவின் முதுகில் வைத்தாள். "எந்தம்பி" என்றாள். இரண்டு பேரும் விக்கி விக்கி அழுதார்கள். மாமா குனிந்த தலை நிமிராமல் பல்லாரியைக் கொத்திக்கொண்டே இருந்தார். ஒன்று தீர்ந்தால் அடுத்தது. அவருடைய மூக்கு நுனியிலும் நீர் சொட்டியது.

எனக்கு வயிறு எரிந்தது. அத்தனையும் என் சோற்றுக்கான வளையங்கள். என்ன மனுஷன் இவர், கனமாக வெட்ட வேண்டியதை இப்படிப் பாழாக்குகிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

பல்லாரி தீர்ந்த பிறகு அத்தை மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். நேரே என்னிடம் வந்தாள். நான் பயந்து கையைப் பின்னால் கொண்டுபோனேன். அவள் கையை மெதுவாக முன்னால் இழுத்து, என் ஆள்காட்டி விரலிலிருந்த வளையத்தைக் கழற்றித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மொறுமொறுவென்று மென்றாள். நன்றாக மென்று விழுங்கினாள்.

"பல்லாரிதான்" என்றாள். பிறகு வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து, "என்ன வேடிக்க? பல்லாரி வெட்டுனாக் கண்ணு எரியத்தான் செய்யும். போங்க, போய்ச் சோலியப் பாருங்க" என்றாள்.

அந்தியில் மாமா அந்தப் பொடியை எல்லாம் மாவில் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் போட்டுக் கொடுத்தார். நான் தொடவில்லை. "கனமா வெட்டணும்னு நீங்கதான சொன்னிய?" என்று கேட்டேன்.

"ஆமா மக்கா. கை தப்பிற்று" என்றார். சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு நாள் தாண்டியது. அப்பா பிழைத்துக்கொண்டார். மாதாவுக்கு நன்றி. கோட்டுப்படம்போல மெலிந்து வந்து வண்டியிலிருந்து இறங்கியவர், அத்தையின் மகன் நீட்டிய கையை வேண்டாமென்று தள்ளிவிட்டுத் தன் காலால் படி ஏறினார். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் மீன் சட்டி அடுப்பேறியது. அம்மாவும் அத்தையும் முன்பு எப்போதும் இல்லாத ஒட்டுறவோடு ஒரே அம்மியில் மசாலா அரைத்தார்கள். நான் அப்பாவின் மடியில் ஏறி முதல் வேலையாக மாமாவைப் பற்றிக் கோள் சொன்னேன். ஓட்டலில் குசினிக்காரராம், பல்லாரி வெட்டத் தெரியவில்லை, எல்லாவற்றையும் கொத்திப் பாழாக்கிவிட்டார் என்றேன். அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. மாமா தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இன்னொரு தடவை வாந்தியெடுக்கத் தயாராகக் கொழும்புக்குப் புறப்பட்டுப் போனார்.

அதற்குப் பின்னும் வருஷக்கணக்காக அதைச் சொல்லி நான் அவரைக் கேலி செய்திருக்கிறேன். "மாமா, கை தப்பாம வெட்டுங்க" என்பேன். அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், கண் நனையப்பிடாது என்று மாமியார் காவல் இருக்க, நான் அடுக்களையில் சமையலுக்கென்று ஒரு பல்லாரியைக் கையில் எடுத்தேன். மாமா அதற்கு முந்தின வருஷமே கொழும்பில் கண்ணை மூடியிருந்தார். கத்தியை வைத்து, இரண்டு வட்டம் கனமாகத்தான் வெட்டினேன். பிறகு பொடியாகக் கொத்தத் தொடங்கினேன். கொத்திக்கொண்டே இருந்தேன். மாமாவின் கை ஒரு நாளும் தப்பியதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.